தனிக் கம்பம்

தோயாமாவில் பனி உருகும் மாதம்,
குராமோச்சி வீட்டுத் தோட்டத்தில்
மின்கம்பம் நட்டவன் நான்.
தெருவில் வரும் மின்சாரம் அழுக்காம்.
பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம்
அவருடைய வயலினுக்குள் புகுந்து சுற்றுகிறதாம்.

கம்பத்துக்கு ஆன செலவில்
என் லாரியை இரண்டு முறை மாற்றலாம்.
லாரி வானொலியில் ஒரு பக்கம்தான் பேசும்,
அந்தப் பக்கத்து ஜன்னல் மூடாது.
சொல்லவில்லை. கூலி சரியாக வந்தது.

இசைத்தட்டு சுழலும் நேரம்
குளிர்பெட்டி அணைந்திருக்க வேண்டும்.
அவர் மனைவி சித்தோசே
மீனைப் பனிக்கட்டியில் புதைத்துவிட்டு
பின்வாசல் படியில் வெங்காயத்தாள் நறுக்குகிறாள்.
காலித் தேநீர்க் கிண்ணத்துக்குள் நிற்கும் கைபேசி
தகரக் குரலில் பாடுகிறது.
இடையில் சோப்பு விளம்பரம் வந்தால்
அதற்கும் தலையாட்டுகிறாள்.

வேலை முடிந்த அன்று
நடு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்,
மூச்சைக்கூடக் குறைக்கச் சொல்லி.
"கேட்கிறதா,
வில்லிலிருந்து பிசின்பொடி உதிர்வது?"
எனக்குக் கேட்டது என் முழங்கால் சொடுக்கு.
"ஆமாம்" என்றேன்.
இருபது வருடம் டிரில் பிடித்த காது இது
என்று எப்படிச் சொல்ல?

ரசீதில் முத்திரை வைக்க
இழுப்பறை இழுப்பறையாய்த் தேடிக்கொண்டே
அவர் எதையோ முணுமுணுத்தார்.
வயலின் அல்ல.
கிண்ணத்துப் பாட்டு,
சோப்பு உட்பட.

போகும் வழியில்
எர்த் கம்பியை இன்னொரு முறை சோதித்தேன்.
கசிவு எதுவும் இல்லை.