ஒன்றாம் எண் கூண்டு

பரணில், பழைய மிக்ஸி பெட்டிக்குள்
ஓர் அட்டை கிடைத்தது.
பத்தில் மூன்று குழி காலி.
மிச்சம் ஏழும் காலாவதியாகி
இரண்டு வருடம், நாலு மாதம்.
காலாவதியானது மாத்திரைதான்.
எனக்கு இருப்பது இன்னும் ஆகவில்லை.

நேற்று செய்தியில் சொன்னார்கள்:
கடலூர் துறைமுகத்தில்
ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு.
ஞானசேகர் ரிமோட்டை வைத்துவிட்டுச் சொன்னார்,
"உனக்குத்தான் வருஷம் பூரா ஏத்தியே இருக்கே."
கிண்டல் இல்லை அது.
பதினாறு வருடம் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும்,
விடியற்காலை மூன்றே காலுக்கு
என் நெஞ்சு மட்டும் எழுந்து
சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று
சமையலறை வரை போய் வருவது.

மின்வாரியப் புகார் எண்ணில்
பேசுகிறவள் நான்.
செம்மண்டலத்தில் கரண்ட் இல்லை,
வண்ணாரப்பாளையத்தில் கம்பி அறுந்து தொங்குகிறது.
"வந்துடும்மா, லைன்மேன் கிளம்பிட்டார்"
என்று நாளைக்கு நூறு பேருக்குச் சொல்வேன்.
கிளம்பினாரா என்பது எனக்கே தெரியாது.
ஆனாலும் எதிர்முனையில்
ஒரு பெருமூச்சு இறங்கும்.

தானே அடித்த இரவு
எனக்குப் பயமே இல்லை, நம்புவீர்களா?
பலாமரம் சமையலறைமேல் சாய்ந்தது.
டார்ச் பிடித்தேன், ஆட்களை எண்ணினேன்,
ஸ்டவ்வைத் தேடியெடுத்து எல்லோருக்கும் டீ போட்டேன்.
பதினெட்டு நாள் கழித்து
கரண்ட் வந்து ஃபேன் சுற்றிய மதியம்தான்
கை நடுங்கத் தொடங்கியது.

போன முறை எட்டு மாதம் சாப்பிட்டேன்.
நல்லதையும் சொல்ல வேண்டும்.
கெடிலம் பாலத்தில் பஸ் நின்றபோது
தூண்களை எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஆற்றில் ஆகாயத்தாமரை பூத்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
ராத்திரி, ராத்திரியாகவே இருந்தது.

ஆனால்
அண்ணா விளையாட்டரங்கில் நறுமுகை
நானூறு மீட்டரில் முதலாவதாக வந்து
வேர்வையோடு என்மேல் விழுந்தபோது
கை தட்டியது, வாய் சிரித்தது.
உள்ளே யாரோ
நனைந்த தீப்பெட்டியை
உரசிக்கொண்டே இருந்தார்கள்.
போட்டோவில் நன்றாகத்தான் சிரிக்கிறேன்.
அன்றிரவே நிறுத்தினேன், யாரையும் கேட்காமல்.
பதினைந்து நாள் தலைக்குள்
சோக் போன டியூப்லைட்
விட்டு விட்டு மின்னியது.

அதற்கப்புறம் மூச்சுப் பயிற்சி,
சில்வர் பீச்சில் காலை நடை,
நாத்தனார் கட்டிய கறுப்புக் கயிறு.
எதையும் குறை சொல்லவில்லை.
நடந்தால் நன்றாகப் பசிக்கிறது.
கயிறும் இருக்கிறது,
மூன்றே காலும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை புதுச்சேரிக்குப் போனேன்,
ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு.
டாக்டர் செலின் கேட்டார்:
"ஒத்துக்கலைன்னு ஏன் அப்பவே வந்து சொல்லல?"
புகார் கேட்பதே என் பிழைப்பு.
சொல்லலாம் என்று தோன்றவே இல்லை.
இது வேறு மருந்தாம், மெதுவாகத் தொடங்கலாமாம்.
ஆறு வாரம் பொறுக்கணும்,
மங்கலாக இருந்தால் உடனே வரணும்,
நீங்களாக நிறுத்தக் கூடாது.
சீட்டில் எனக்குப் புரிந்த எழுத்து ஒன்றுதான்:
அரை.

திரும்பும் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி வரை யோசித்தேன்.
பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள்,
போய்ச் சேர்ந்தாச்சா என்று கேட்டுக் கேட்டு
எல்லோரையும் கரையேற்றுகிறவள்,
இவளும் போய்விட்டால்
யாரை நம்பி வீடு தூங்கும்?
ரெட்டிச்சாவடி தாண்டியதும் தோன்றியது.
வீடு எப்படியும் தூங்கும்.
ஞானசேகர் குறட்டையே விடுவார்.

மெடிக்கலில் பாடலீஸ்வரன்
பெயரைச் சத்தமாகப் படிக்காமல்
காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார்.
அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

இப்போது மணி ஒன்பதரை.
கத்தியை வைத்து அழுத்தினேன்,
சரிபாதியாக வரவில்லை.
ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.
எதை எடுப்பது என்று
அதற்கும் ஒரு படபடப்பு.

கூண்டு இன்னும் இறக்கவில்லை என்கிறது டிவி.
நறுமுகை தண்ணீர்ச் சொம்போடு வந்து நிற்கிறாள்,
பெருவிரல் நகம் பெயர்ந்த காலோடு.
"என்னம்மா அது?"
"அரை," என்கிறேன்.

ஆறு வாரத்தில் அவளுக்கு
மாவட்டப் போட்டி.