பதினேழு நிமிடம்

பாஸ்போர்ட் படத்தில்
உன் இடது காதுக்குப் பின்னால்
ஒரு விரல்நுனி இருக்கிறது.
தலை நிற்காத வயதில் எடுத்த படம்.
வெள்ளைத் துண்டைத் தலையோடு போர்த்தி
நாற்காலி போல உட்கார்ந்து
உன்னைப் பிடித்துக்கொண்டாளாம் கங்குலம்மா.
ஸ்டூடியோக்காரன் அவளை முழுக்க அழித்துவிட்டு
அதை மட்டும் மறந்திருக்கிறான்.

சித்தூர் காப்பகத்தில் கோப்பைத் தந்தார்கள்:
கலெக்டர் உத்தரவு, தடுப்பூசி அட்டை,
பதினோரு இடத்தில் என் கையெழுத்து.
கங்குலம்மா சொன்னது எதுவும் அதில் இல்லை.
மூன்று கரண்டி, பிறகு ஒரு அரைக்கரண்டி.
இடப்பக்கம் ஒருக்களித்தால்தான் தூக்கம்.
ஃபேன் நின்றால் எழுந்துவிடும்,
கரண்ட் போனால் நான்தான் விசிறுவேன்.
சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனவள்
கார் கிளம்பும்வரை
ஒரே துண்டை உதறிக்கொண்டிருந்தாள்.

புத்தூர் தாண்டி நகரி. என் ஊர்.
நிறுத்தட்டுமாம்மா என்றார் முனிரத்தினம்.
வேண்டாம்.
எந்த ஜனம், யார் வீட்டு ரத்தம் என்று
அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
கண்ணாடியை மட்டும் இறக்கி
மூக்கு மலையைக் காட்டினேன்.
நீ என் மூக்கைப் பிடித்தாய்.
தெரு நெடுக விசைத்தறிச் சத்தம்,
அதிலேயே கண்ணயர்ந்தாய்.
நாங்களும் அப்படித்தான், தெரியுமா,
தறி ஓடும்வரை தூங்குவோம்,
நின்றால் தெருவே விழித்துக்கொள்ளும்.

எல்லையில் ஒன்றும் நடக்கவில்லை.
பலகைகளில் எழுத்து மாறியது,
டீ இரண்டு ரூபாய் ஏறியது.
திருத்தணி, திருவள்ளூர், எங்கும் நெரிசல்.
நான்கு மணிநேரம் என் மடியில் இருந்தாய்,
வலது தொடை மரத்துப்போனது.
அசைக்கவில்லை.

மீனம்பாக்கத்தில் அதிகாரி நிமிர்ந்தார்.
பாப்பாவோட அம்மா?
நான் என்று சொல்லியிருக்கலாம்.
கோப்பை நீட்டிவிட்டேன்.
அவர் அதைத் திறக்கவில்லை.
படத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்,
இது என்ன விரல் என்றும் கேட்கவில்லை.
டப் என்று முத்திரை.

சக்கரம் தரையை விட்டதும் காது அடைத்து
நீ வீறிட்டாய்.
பாட்டிலைத் தட்டிவிட்டாய்.
எனக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றரை,
அரையிலேயே மறந்துபோயிற்று.
முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்,
பணிப்பெண் புன்னகையோடு வந்து
புன்னகையோடு போனாள்.
அப்போதுதான் வாயில் வந்தது,
பள்ளிக்கூடத்தோடும் சந்தையோடும் நான் விட்டுவந்த பேச்சு:
ஏடவொத்து தல்லி, ஏடவொத்து.

நிறுத்தினாய்.
யார் அது என்று
என் முகத்துக்குள் தேடினாய்.
இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்,
அழுகிறவளைத்தான் அம்மா என்கிறோம்.

எதிர்த் திரையில் பொம்மை விமானம்
மேற்கே திரும்பிற்று.
நகரி இல்லை அந்த வரைபடத்தில்,
சித்தூரும் இல்லை,
வெறும் பழுப்பு நிறம்.
ஆனாலும் எனக்குத் தெரியும்.
கிளம்பிப் பதினேழு நிமிடம்,
வந்த வழி மொத்தமும் கீழே போயிற்று.
இருட்டில் சின்னச் சின்ன வெளிச்சம்.
அதில் ஏதோ ஒன்றின் கீழ்
காலித் தொட்டிலுக்கு மேலே
ஃபேன் சுற்றுகிறதா,
அணைத்துவிட்டாளா.

பிறகு எஞ்சின் இரைச்சலில் நீ தூங்கினாய்,
இடப்பக்கமாக, வாய் திறந்து.
நான் தூங்கவில்லை.

மஸ்கட்டில் விமானம் நின்றது.
வெளியே ஜெயபாலன் நிற்பார்,
இரண்டு அளவில் வாங்கிய தொப்பிகளோடு.
விளக்குகள் எரிந்தன,
எல்லாரும் எழுந்து பெட்டியை இழுத்தார்கள்.
எஞ்சின் அணைந்தது.

கண்ணைத் திறந்தாய்.
என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால்
வேறு யாரையோ பார்த்தாய்.
உதடு பிதுங்கத் தொடங்கியது.

முன்பையிலிருந்த அவசரகால அட்டையை உருவி
விசிற ஆரம்பித்தேன்.