தயாராகவும் விருப்பமாகவும்

வடக்கே ஓடை.
கிழக்கே கிருஷ்ணன்குட்டியின் ரப்பர்.
தெற்கே மூன்றடி நடைவழி.
மேற்கே, விற்கிறவருக்கே மிச்சமிருக்கும் அன்னாசி.
நடுவில் பன்னிரண்டு சென்ட்.
அருமனை அண்டி ஆபீசில்
சாம்பல் தொட்டு அண்டி தல்லும்போதெல்லாம்
இந்த நான்கெல்லையைச் சொல்லிக்கொள்வேன்,
பிறர் ஜெபமாலை சொல்வதுபோல.

முன்பணம் நாலு லட்சம்.
முத்திரைத்தாளில் சோபனதாசின் கையெழுத்து,
வால் நீண்ட எழுத்து, பேனா மை கொஞ்சம் பரவியது.
"பதினொரு மாசத்துல எழுதித் தாறேன் ரோஸ்லெட்,
எனக்க வாக்கு போதாதா?"
போதும் என்றுதான் நினைத்தேன்.
ஆனாலும் தாளை மடித்து வைத்தேன்.

பிறகு சாலைக்காரர்கள் மஞ்சள் கல் நட்டார்கள்.
ஒரு சென்ட் மூன்று சென்டின் விலை பேசியது.
"அட்வான்சை வாங்கிட்டுப் போ" என்றார்
கதவைப் பாதி திறந்து.
ஸ்டேஷனில் ஏட்டு சொன்னார், இது சிவில்.
அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தது
'வாங்க மறுத்தார்' என்ற தபால்காரரின் சிவப்பு எழுத்தோடு.

குழித்துறையில் வக்கீல் ஐடா
இரண்டு விரல் நீட்டினார்.
"நிலத்தை எழுதிக் குடுண்ணு கேக்கலாம்.
இல்லேண்ணா பணத்தை வட்டியோட தாண்ணு கேக்கலாம்.
ரெண்டையும் எழுதுவோம், நிலத்தை முதல்ல.
ஆனா ஒண்ணு:
மீதிப் பணம் எப்பளும் ஒங்க கையில இருக்கணும்."

வழக்குரையில் அது இப்படி ஆனது:
*வாதி அன்றும் இன்றும் என்றும்
தயாராகவும் விருப்பமாகவும் இருந்து வருகிறார்.*

ஒன்பது லட்சத்து இருபதாயிரம்.
மஸ்கட்டிலிருந்து
அவருக்குப் பதிலாக வந்த பணம்.

நான் தயாராக இருந்தேன்.
ஓடு ஒழுகியது, குண்டா வைத்தேன்.
மகளின் நர்சிங் பீசுக்குக்
குழுவில் வட்டிக்கு வாங்கினேன்,
பாங்கில் ஒன்பது லட்சத்தை வைத்துக்கொண்டு.
அண்ணன் சிரித்தான்.
விருப்பமாக இருந்தேனா?
சில ராத்திரி இல்லை.
அதை யாரும் கேட்கவுமில்லை, நானும் சொல்லவில்லை.

கூண்டில் ஏறிய நாள்
எதிர்வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி,
"அண்டி தல்லுற ஒங்களுக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது?"
பாஸ்புக்கை நீட்டினேன், வாதி சான்றாவணம் ஏழு.
"வந்தது எப்படீண்ணு சொல்லணுமா சார்?
சாரம் சரிஞ்சு எட்டாவது மாடியிலேருந்து வந்தது."
தட்டச்சுக்காரர் விரல்கள் கொஞ்சம் நின்று
பின் ஓடின.
சோபனதாஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கீழே யாரோ மட்டிப்பழம் விற்கும் குரல்.

நாலாம் வருஷம் தீர்ப்பு.
இரண்டு மாதத்தில் மீதியைக் கட்டச் சொன்னது.
அன்று மத்தியானமே கட்டினேன்.
பாஸ்புக்கில் நூற்றிப் பதினாறு ரூபாய் மிஞ்சியது.
பஸ்ஸில் திரும்பும்போது
மடி லேசாக இருந்தது, பயமாகவும்.

அவர் எழுதித் தர வரவில்லை.
நிறைவேற்று மனு, இன்னும் ஒரு மழைக்காலம்.
கடைசியில் நீதிமன்றமே கையெழுத்திட்டது,
'பிரதிவாதிக்காக' என்று.
வால் இல்லாத, சின்ன, சுத்தமான கையெழுத்து.
"ஆமா, குடுக்கேண்ணு சொன்னேன்" என்று
அவர் வாயால் ஒருதரம் கேட்க ஆசை இருந்தது.
அதைத் தீர்ப்பில் கேட்டிருக்க முடியாதாம்.

பத்திர ஆபீசில்
கண்ணாடிச் சில்லில் பெருவிரலை வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
இருபத்தியிரண்டு வருஷ அண்டி எண்ணெய்
ரேகையைத் தின்றிருந்தது.
"மனுஷிக்க விரல்தானா இது?" என்றார் எழுத்தர்,
கேலியாக இல்லை.
ஐடா என்னைப் பார்த்தார், நான் ஐடாவை.
வராதவருக்காகக் கையெழுத்திட ஒரு கோர்ட் இருந்தது.
வந்து நிற்கிற எனக்காக
விரல் வைக்க ஆளில்லை.

ஒவ்வொரு விரலாக வைத்தோம்.
இடது சுண்டுவிரல்,
அண்டியைத் தொடாமல் எப்போதும் விலகியே நின்ற
அந்தச் சோம்பேறி விரல்,
அதற்குப் பச்சை எரிந்தது.

சாயங்காலம் ஓடைக்கரையில் இறங்கி
தெற்கிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன்.
சோபனதாசின் அன்னாசிச் செடி இரண்டு
என் பக்கம் சாய்ந்திருந்தது.
பிடுங்கவில்லை.
நாளை ஐடாவிடம் கேட்க வேண்டும்.