போகாத ஊருக்கு வழி

எக்செல் தாளைத் திறந்தவள் நான்தான்.
நான்கு பெயர், நான்கு நிறம்.
பிர்னோவிலிருந்து வியன்னாவுக்குப் பேருந்து,
அங்கிருந்து பாரிக்கு விமானம்,
பாரியில் கடல்.
செவ்வாய் நள்ளிரவு தாண்டி வாங்கினால்
இரண்டு யூரோ குறையும் என்று
வாஸ்கோவிடம் யாரோ சொன்னார்களாம்.
விழித்திருந்தோம்.
நான்கு யூரோ ஏறியது.

ஏழாம் மாடிச் சமையலறையில்
எட்டுப் பேருக்கு நான்கு அடுப்பு.
ஒன்று வேலை செய்யாது;
எது என்பது நாளுக்கு நாள் மாறும்.
குளிர்பெட்டியில் கீழ்த்தட்டு என்னுடையது.
மஞ்சள் சீட்டு ஒட்டி
பாதி விலைக்குத் தள்ளிய தயிர்
நாளையோடு காலாவதி.
நாளை மறுநாளும் நன்றாகத்தான் இருக்கும்.
காலாவதிக்கு நான் பயப்படுவது
வேறொரு காகிதத்தில்.

ஜனவரியில் கைரேகை கொடுத்தேன்.
பத்து விரல். கண்ணாடியைக் கழற்றி ஒரு படம்.
அட்டை வரும் என்றாள் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள்.
எட்டு வேற்றுமை ஒப்பித்து வளர்ந்தவள் நான்,
இவர்களுக்கு ஏழுதான்.
ஆனாலும் எதில் நிறுத்தி
'எப்போது' என்று கேட்பதெனத் தேடுவதற்குள்
அடுத்த எண் திரையில் ஒளிர்ந்தது.

நாற்பது, முப்பது, இருபது.
சென்டிமீட்டர்.
இருக்கைக்கு அடியில் நுழைந்தாக வேண்டும் பை.
ரூத்தா அளவுநாடாவோடு
அறை அறையாக வந்தாள்.
தாமுனா மூன்று சட்டையை
ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து
வெங்காயம் மாதிரி நடந்தாள்.
என் வரிசையின் பச்சை நிறத்தை
நான் இன்னும் அழிக்கவில்லை.

வியாழன் மாலை, தபால்பெட்டி.
பீட்சாக் கடை விளம்பரம்.
எனக்கு முன் அந்த அறையில் இருந்த
ராடோவான் ஹ்லாவாச்சுக்கு நூலக அபராதம்.
அவ்வளவுதான்.

எல்லை என்றாலும்
கடுகு வயலும் ஒரு பெட்ரோல் பங்கும்தானாம்.
பேருந்து வேகத்தைக்கூடக் குறைக்காதாம்.
"யாரும் பார்க்கமாட்டார்கள்" என்றான் வாஸ்கோ.
அவனை யாரும் பார்த்ததில்லை.
உண்மைதான்.

என் பெயரை எடுத்தேன்.
தாள் அந்த நொடியே
மூன்று பேருக்குக் கணக்குப் போட்டது.
ஆளுக்கு ஐந்து யூரோ கூடுதல்.
அதற்கு அவர்கள் முகம் சுளிக்காதது
எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சனிக்கிழமை துணி துவைக்க என் முறை,
காலை ஆறே முக்கால்.
காயப்போட்டுவிட்டு டிராம் ஏறினேன்.
பிஸ்ட்ர்ட்ஸ்:
ஒற்றை உயிரெழுத்தை வைத்துக்கொண்டு
பிழைப்பு நடத்தும் ஊர்.
இறங்கி நடந்தால் நீர்த்தேக்கம்.
படகுகள் ஏப்ரலில்தான் ஓடும்,
இப்போது தார்ப்பாய்க்குள்.
ஏணியில் நின்ற ஒருவன்
ஒரு படகின் பெயருக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தான்.
பாதி எழுத்து இந்த வருஷம்,
பாதி போன வருஷம்.
பார்த்தபடி ஒரு ரொட்டியைத் தின்று தீர்த்தேன்.
ஒரு வாத்து இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனது.
அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கைபேசி. தாமுனா.
"விடுதிச் சாவி எங்கே?" பின்னால் காற்று,
வாஸ்கோ யாரையோ கத்துகிறான்.
இரண்டாவது தாளைத் திற என்றேன்.
மீன்கடைக்கு எதிர்ச் சந்து,
பச்சைக் கதவு.
மணி அடிக்காது, தட்டணும்.
தட்டினார்கள்.
திறந்தது.

போகாத ஊருக்கு நான் சொன்ன வழி
சரியாக இருந்தது.

திங்கள் விடியலில் வந்தார்கள்,
மூக்கு சிவந்து, காலணியில் மணலோடு.
கீழ்த்தட்டில், தயிருக்குப் பக்கத்தில்
ரூத்தா ஒரு சின்னப் புட்டி வைத்திருந்தாள்.
நூறு மில்லிக்கு மேல் கடலை
விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.
ஷாம்பூ புட்டி,
சரியாகக் கழுவவில்லை.
குலுக்கினேன்.
ஆப்பிள் வாசத்தோடு நுரை ஏறியது.

ஒன்பதுக்கு வகுப்பு.
போகிற வழியில் தபால்பெட்டியைப் பார்க்கணும்.