காற்று: பலம்

மாலை ஏழுக்கு வானொலிப் பெட்டி இருமும்.
பிறகு அவள் குரல்:
"வடகரைச் சாவடி. எதெல்மீரா கயூன்.
பனி இரண்டு சாண். காற்று மேற்கிலிருந்து.
ஹுவேமுல் மான் நான்கு.
குதிரைக்கு லாடம் வேண்டும்."
எஸ்கெல் நகர அலுவலகத்தில்
பேரேட்டில் எழுதிக்கொள்வேன்.
இருபத்திரண்டு வருடம்
இவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

முதல் பெண் வனக்காவலர் என்று
தலைமையகம் ஒரு புகைப்படக்காரரை அனுப்பியது.
ஏரியில் படகு கவிழ்ந்து
அவரும் நனைந்தார், படச்சுருளும் நனைந்தது.
மறுபடி யாரும் போகவில்லை.
சீருடை போனது, ஆறடி ஆணுக்குத் தைத்தது.
கால்சட்டையில் வெட்டி எடுத்த துணியில்
குதிரைக்குக் காதுறை தைத்தாளாம்.

மாத அறிக்கைத் தாளில் 'திரு.' என்று அச்சிட்டிருக்கும்.
அதை அடித்துவிட்டு
வேறெதுவும் எழுதாமல் விடுவாள்.
கணக்கர் திருப்பி அனுப்புவார்.
அடித்தது அடித்தபடியே திரும்பி வரும்.
சம்பளம் தள்ளிப்போகும். கேட்கமாட்டாள்.
லாடம்தான் கேட்பாள்.

எழுபத்து மூன்று, அக்டோபர்.
"காற்று இல்லை. ஏரி கண்ணாடி.
லெங்கா மரத்தடியில் ஒரு பெண்மான்,
சுட்டிருக்கிறார்கள். வயிற்றில் குட்டி.
துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டேன்.
பெயரை எழுதுங்கள்."
எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது:
எங்கள் கண்காணிப்பாளரின் மைத்துனன்.

சாப்பாட்டுக் கைக்குட்டை கழுத்தில் தொங்க ஓடிவந்தார்.
ஒலிவாங்கியைப் பறித்தார்.
"கயூன், அந்தப் பதிவை ரத்து செய்."
இரைச்சல்.
"கேட்கவில்லை. இங்கே காற்று அதிகம்."
கத்தினார்.
"காற்று," என்றாள், "பயங்கரக் காற்று."
அவளுக்குப் பின்னால் குதிரை செருமியது
எங்கள் இருவருக்கும் துல்லியமாகக் கேட்டது.

அவர் பேரேட்டைப் பார்த்தார்.
காற்று என்ற கட்டத்தில் 'இல்லை',
என் கையெழுத்தில்.
நான் பேனாவை எடுத்து
'இல்லை'யை அடித்து 'பலம்' என்று எழுதினேன்.
மானின் வரியைத் தொடவில்லை.

தைரியம் என்றெல்லாம் சொல்லாதீர்கள்.
அந்த அடித்தல் இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.
அந்தக் கோடை முழுக்க
அவள் படகுக்கு எண்ணெய் அனுப்பவில்லை.
துடுப்புப் போட்டே போனாள்.
அதைக்கூட அவள் சொல்லவில்லை;
ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

நேரில் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.
அவள் ஓய்வு பெற்ற மாலை,
"ஹுவேமுல் பத்தொன்பது," என்றாள்.
வேறேதும் உண்டா என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
"காற்று பலம்," என்றாள்.
பின்னால் குதிரை செருமியது,
அது மூன்றாவது குதிரை,
துல்லியமாக.