ஐந்தாம் இலக்கம்

நிஸ்தாருக்குக் காலையில் நாலாம் குறுக்குத் தெரு.
வெங்காய லொறி பின்னுக்கு வர
நடுத்தெருவில் கால் அகட்டி நின்று
'வா, வா, இன்னும் வா' என்பான்.
பிறகு உள்ளங்கையைக் காட்டுவான். லொறி நிற்கும்.

பின்னேரம் மட்டக்குளி மைதானம்,
மூன்றாம் பிரிவு.
அங்கேயும் அதே வேலைதான்,
நிற்காதவர்களோடு.

பதினாலு வருஷம். மூன்று கழகங்கள்.
ஒரு கழகம் அவனை எடுத்தது
ஒரு சோடி பூட்ஸுக்கும் பகல் சோற்றுக்கும்.
பூட்ஸ் அரை அங்குலம் சின்னது. சொல்லவில்லை.
மூக்கு இரண்டு தரம் உடைந்தது,
இரண்டாம் தரம்தான் நேரானது என்பாள்
மனைவி ஃபஸ்லியா.

என்னை அவன் ஒன்பது ஆட்டங்களில் மறித்தவன்.
கடைசி ஆட்டத்தில் மழை.
சேற்றில் நின்றுபோன பந்தைத் தட்டிக்கொண்டு
நான் தாண்டினேன், அவன் ஓடவில்லை.
கையை மட்டும் உயர்த்தினான், ஓஃப்சைட் என்று.
கொடி எழும்பவில்லை.

கோல் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால்
கை அப்படியே.
மழை விரல்வழியாக முழங்கைக்கு இறங்குகிறது.

இன்று நாலாம் குறுக்குத் தெருவில்
என் முச்சக்கரவண்டியை அந்தக் கை மறித்தது.
'லொறி வருது, பொறு.'
பொறுத்தேன்.
பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள்,
நான் அடிக்கவில்லை.