ஏதாவது ஒன்றை மட்டும் தெரிவு செய்க

முதல் பக்கத்திலேயே நிற்கிறேன்.
துறை: சுற்றுச்சூழல் பாதுகாப்பு.
துறை: சிறுவர் மேம்பாடு.
இரண்டுக்கும் பக்கத்தில் சின்ன வட்டம்.
ஒன்றை அமத்த மற்றது அழிகிறது.

நாவாந்துறையில் முன்பள்ளிக்கும் கடலுக்கும் நடுவில்
பத்தொன்பது அடி.
நானே நாடா பிடித்து அளந்தது.
கடல் என்றால் ஜெரோமியாஸ் அண்ணை திருத்துவார்:
"பரவைக்கடல் எண்டு எழுது, பிள்ளை."
மாரியில் அந்தப் பத்தொன்பது ஏழாகும்.
போன கார்த்திகை தண்ணி படிவரை ஏறி
செருப்புகள் சோடி மாறி மிதந்தன.
அன்றைய வரவு பதினொன்று.
இதில் எது சூழல், எது சிறுவர்?

முன்னர் ஒருக்கா பணம் வந்தது.
அறுநூறு கண்டல் கன்று, ஒரு பெயர்ப்பலகை.
படம் எடுக்கத் தோதான இடமாகப் பார்த்து நட்டார்கள்,
தண்ணி எட்டாத மணலில்.
பாதியை ஆடு பார்த்தது. மீதியைச் சோளகம்.
பலகை மட்டும் பிழைத்தது:
எட்டுக்கு நாலு, நல்ல தகடு.
பின்பக்கம் கறுப்படித்து
இப்போது அதில்தான் ஆனா ஆவன்னா.
திருப்பிப் பார்த்தால் ஐந்து இலச்சினைகள்
சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.
கடந்தகாலச் சாதனைகள் என்ற கட்டத்தில்
இதை எப்படி எழுதுவது?

எமல்டா ரீச்சர் போனில் எண்ணிக்கை சொல்கிறா.
இருபத்தேழு.
கொஞ்சம் பொறுத்து, இருபத்தாறு.
றொக்சனை மாமன் மன்னாருக்குக் கூட்டிப்போய் விட்டானாம்.
அவனுடைய யோகட் கப் கன்றை
வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாச்சு.
"நலிவுற்ற சிறுவர்: 26" என்று அடிக்கிறேன்.
அடித்த பிறகு ஷெரின் முகம் வருகிறது.
விரலைக் கவ்விய நண்டை உதறாமல்
அதற்கு ஒரு பெயர் வைத்தவள்.
அவளிடம் போய்
நீ நலிவுற்றவள் என்று சொல்லிப் பாருங்கள்,
மண்ணள்ளி எறிவாள்.

சமூகத்தின் பங்களிப்பு, பணமல்லாதது,
பெறுமதி ரூபாயில்.
கன்றுகளைச் சுற்றி அண்ணை கம்பு ஊன்றி
பழைய வலையால் வேலி கட்டியிருக்கிறார்.
ஒருவரும் கேட்கவில்லை. கூட்டமும் வைக்கவில்லை.
எவ்வளவு போடலாம் என்று கேட்டேன்.
"முழுக்க ஓட்டை வலையடி. சும்மா எண்டு போடு."
சும்மா என்று போட அந்தப் படிவம் விடாது.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று போட்டேன்.
அவருடைய நாரிப்பிடிப்பை இதில் சேர்க்கவில்லை.

நிதி முடிந்த பின் திட்டம் எவ்வாறு நிலைக்கும்?
இருநூறு சொற்களுக்குள்.
நிதி வர முன்னமே நிற்கிறது என்று
ஒரு வரி எழுதி, அழித்து,
அவர்களுக்குப் பிடித்த இருநூறையும் எழுதினேன்.

அவர்களின் நள்ளிரவு எங்களுக்கு விடிய நாலரை.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
போனில் டேற்றா கொஞ்சம், பற்றறி பதினாலு வீதம்.
வெளியில் மோட்டர் பூட்டும் சத்தம்,
யாரோ யாரையோ ஏசுகிறார்கள், தொழிலுக்குப் போகிறார்கள்.
கடைசியில் சூழலையே அமத்தினேன்.
மரத்துக்கு வாயில்லை என்ற இரக்கத்தில் அல்ல.
அந்தப் பக்கம் உச்சத்தொகை கூட.
பிள்ளைகளுக்கு ஏழாம் பக்கத்தில் ஒரு இடம் இருந்தது:
மறைமுகப் பயனாளிகள், இருபத்தாறு.

கிடைக்கப்பெற்றோம்.
இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.
சமர்ப்பித்த பின் திருத்தங்கள் ஏற்கப்படா.

ஏழே முக்காலுக்கு ரீச்சரின் அழைப்பு.
றொக்சன் வாசலில் நிற்கிறானாம்.
இரவு பஸ்ஸில் தாயோடு திரும்பி வந்தவன்,
வந்ததும் வராததுமாய்
தன் கன்று எங்கே என்று கேட்கிறானாம்.
"ஒரு கப் குறையுது, பிள்ளை."

இரவு சாப்பாட்டுக்குப் பதில் தின்ற யோகட்டின் கப்
மேசையில் கிடந்தது, எறும்பு மொய்த்து.
கழுவி எடுத்துக்கொண்டு வாறன் என்றேன்.